குண்டு விழாத ஊர்களில் யுத்தம்

இரண்டாம் உலக யுத்தம் என்றதும் நம்மவர்களுக்கு ஞாபகம் வருவது ஹிட்லர், ஹிரோஷிமா, கொஞ்சம் நேதாஜி. தமிழ்நாட்டைப் பொறுத்தவரை அது எங்கோ நடந்த சமாச்சாரம். 'எம்டன்' கப்பல் சென்னையில் போட்ட குண்டுகூட முந்தைய யுத்தத்தைச் சேர்ந்தது (1914 செப்டம்பர் 22). 1942 ஏப்ரலில் விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் ஜப்பான் விமானங்கள் குண்டு போட்டவுடன் சென்னை நகரமே மூட்டை கட்டிக்கொண்டு உள்நாட்டுக்கு ஓடியது. ஜப்பான்காரன் வரவில்லை என்று தெரிந்ததும் திரும்பி வந்தது. அந்த ஓட்டத்தைப் பெரியவர்கள் சிரிக்கச் சிரிக்கச் சொல்வார்கள். யுத்தம் பற்றிய நமது கூட்டு நினைவு ஏறக்குறைய இந்தச் சிரிப்போடு முடிந்துபோகிறது.

ஆனால் பேச்சில் தங்கிவிட்ட சொற்களைப் பாருங்கள். ரேஷன், கண்ட்ரோல், கியூ, பிளாக், பதுக்கல், கொள்முதல். சம்பளச் சீட்டில் அகவிலைப்படி என்று அச்சடித்திருந்தாலும் தொழிற்சங்கக் கூட்டங்களில் இன்றும் பஞ்சப்படி என்கிறார்கள். எந்தப் பஞ்சம்? யாருடைய பஞ்சத்திற்காக இந்தப் படி? முதல் யுத்த காலத்து பம்பாய் மில்களில் தானிய விலை ஏறியதற்காகக் கொடுக்கத் தொடங்கிய தொகை அது. இரண்டாம் யுத்தம் வந்ததும் ரயில்வேத் தொழிலாளர் கேட்டு, 1940ல் பி.என். ராவ் தலைமையிலான விசாரணை மன்றம் வரை போய், பிறகு சம்பளத்தின் நிரந்தர உறுப்பாக ஒட்டிக்கொண்டது. இச்சொற்கள் எல்லாமே அந்த ஆறு வருஷத்தில் பிறந்தவை என்று சொல்ல வரவில்லை. அவை ஒவ்வொரு வீட்டின் சமையலறைக்குள்ளும் நுழைந்தது அப்போதுதான் என்கிறேன்.

இதை இப்போது எதற்காகக் கிளற வேண்டும்? காரணம் இருக்கிறது. 1991க்குப் பிறகு இந்தியப் பொருளாதாரம் பற்றி ஒரே கதைதான் திரும்பத் திரும்பச் சொல்லப்படுகிறது. நேரு சோஷலிச மோகத்தில் எல்லாவற்றுக்கும் கட்டுப்பாடு போட்டார், லைசென்ஸ்-பெர்மிட் ராஜ்யம் பிறந்தது, பிறகு அதிலிருந்து நாம் விடுதலை பெற்றோம் என்பது சந்தைவாதிகளின் கதை. நேருவின் பொதுத்துறையும் ரேஷன் கடையும் மக்கள் பெற்ற பேறு, அவற்றைக் காப்போம் என்பது இடதுசாரி நண்பர்கள் சொல்வது. அடிப்படையில் இரண்டும் ஒரே கதை. இரண்டிலும் கதாசிரியர் நேரு. ஆனால் இந்தக் கட்டுப்பாடுகளில் மிக முக்கியமானவற்றின் முதல் வரைவை எழுதியது 1939க்கும் 1946க்கும் இடையில் டெல்லியில் இருந்த வெள்ளை யுத்த அரசு. நோக்கம் சோஷலிசமும் இல்லை, மக்கள் நலமும் இல்லை. யுத்தத்தை நடத்த வேண்டும், அவ்வளவுதான். அப்படிப் பிறந்த ஒரு எந்திரத்தை மக்கள் எப்படித் தங்கள் உரிமையாக மாற்றிக்கொண்டார்கள், அரசு எவற்றை இறுகப் பிடித்துக்கொண்டது என்பதுதான் நாம் பார்க்க வேண்டிய விஷயம்.

1939 செப்டம்பர் 3ஆம் தேதி, இங்கே ஒருவரையும் கேட்காமல், இந்தியா யுத்தத்தில் இருக்கிறது என்று வைஸ்ராய் லின்லித்கோ அறிவித்தார். அதை எதிர்த்து காங்கிரஸ் மந்திரிசபைகள் ராஜினாமா செய்தன. சென்னையில் ராஜாஜி அக்டோபர் கடைசியில் விலகினார். (1940 பிப்ரவரியில் கவர்னர் கட்டாய இந்தியை விலக்கிக்கொண்டதற்கு நாம் பெரியாரையும் சிறை சென்றவர்களையும் நினைக்கிறோம். நியாயம்தான். ஆனால் மந்திரிசபை நாற்காலியில் இருந்திருந்தால் அது அவ்வளவு சீக்கிரம் நடந்திருக்குமா என்பதும் ஒரு கேள்வி.) நவம்பரில் பிரிட்டனுக்கும் இந்திய அரசுக்கும் செலவுப் பங்கீடு பற்றி ஒரு ஒப்பந்தம் ஆயிற்று. சமாதான காலத்தில் ஆகும் வழக்கமான ராணுவச் செலவும், இந்தியாவின் பாதுகாப்புக்கென்றே ஆகும் செலவும் இந்தியாவுடையது. மிச்சம் பிரிட்டன் கொடுக்கும். பார்க்க நியாயமாகத்தான் இருக்கிறது. சூட்சுமம் கொடுக்கிற விதத்தில் இருந்தது.

பிரிட்டனுக்குத் துணி வேண்டும், சணல் மூட்டை வேண்டும், தோல், தானியம், சிமெண்டு, ஆள் எல்லாம் வேண்டும். இவற்றுக்கு இங்கே ரூபாயாகப் பணம் பட்டுவாடா செய்தாக வேண்டும். லண்டனில் என்ன செய்தார்கள் என்றால், இந்தியாவின் கணக்கில் அத்தனை பவுண்டு வரவு என்று எழுதினார்கள். அந்தப் பவுண்டைத் தொட முடியாது. யுத்தம் முடிந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம். ஆனால் ரிசர்வ் வங்கிச் சட்டப்படி ஸ்டெர்லிங் பத்திரத்தைக் கைமுதலாக வைத்து ரூபாய் நோட்டு வெளியிடலாம். ஆகவே லண்டனில் வரவு ஏற ஏற நாசிக்கில் நோட்டு அச்சாகிக்கொண்டே இருந்தது. 1939 ஆகஸ்டில் சுமார் 180 கோடி ரூபாய் நோட்டு புழக்கத்தில் இருந்தது. 1945ல் 1,100 கோடிக்கு மேல். இந்த ஆறு வருஷத்தில் கடைக்கு வரும் சரக்கு ஆறு மடங்கு ஆகவில்லை. சொல்லப்போனால் ராணுவம் தூக்கிக்கொண்டு போனதால் குறைந்தது. விலைவாசி இரண்டு மடங்கைத் தாண்டியது. அதுவும் சர்க்காரின் குறியீட்டுக் கணக்குப்படிதான். பிளாக் மார்க்கெட் விலை எந்தக் குறியீட்டிலும் ஏறாது.

பணவீக்கம் என்பது ஏதோ வானிலை மாதிரி வருவது என்று நாம் நினைக்கப் பழகியிருக்கிறோம். இங்கே அது ஒரு வரி. சட்டசபையில் ஓட்டுக்கு விடாத, ரசீது கொடுக்காத வரி. யார் கட்டினார்கள்? யாருடைய வருமானம் ரூபாயில் நிலையாக நின்றதோ அவர்கள்: தினக்கூலி, குமாஸ்தா, நெசவாளி, மீனவன், பென்ஷன்காரன். கையில் சரக்கு வைத்திருந்தவன் கட்டவில்லை. அவனுக்கு அது வரவு. கீன்ஸ் இந்த விஷயத்தை 'இலாபப் பணவீக்கம்' என்று 1930லேயே எழுதி வைத்திருந்தார். வங்காளத்தில் நடந்தது கீன்ஸின் யோசனைப்படி திட்டமிட்டே செய்தது என்கிறார் உத்சா பட்நாயக். அவ்வளவு நேர்கோட்டில் ஒரு மூளையிலிருந்து மூன்று லட்சம் வயல்வெளிகளுக்குக் கோடு இழுக்க எனக்குத் தயக்கமாக இருக்கிறது. ஆனால் விளைவு அதுதான் என்பதில் சந்தேகம் இல்லை. நுகர்வைக் குறை என்று பிரிட்டனில் வரியும் ரேஷனும் போட்டுச் சொன்னார்கள்; இங்கே விலையை விட்டுச் சொல்ல வைத்தார்கள்.

சில்லறை நாணயத்தில்கூட யுத்தம் தெரிந்தது. ஜனங்கள் வெள்ளி ரூபாயைப் புதைத்து வைத்தார்கள். சர்க்கார் 1940ல் வெள்ளியைப் பாதியாகக் குறைத்தது, ஒரு ரூபாய்க்கே காகித நோட்டு விட்டது. 1943ல் காலணாவின் நடுவில் ஓட்டை போட்டு உலோகத்தை மிச்சம் பிடித்தார்கள். ஓட்டைக் காலணா என்று எதற்கும் உதவாதவனைத் திட்டும் வழக்கம் எங்கிருந்து வந்தது என்று ஊகிக்கலாம்.

யுத்தம் முடியும்போது பிரிட்டன் இந்தியாவுக்குக் கொடுக்க வேண்டியது சுமார் 130 கோடி பவுண்டு, அன்றைய மாற்று விகிதத்தில் 1,700 கோடி ரூபாய்க்கு மேல். நூற்றைம்பது வருஷமாகக் கடன்கார நாடாக இருந்த இந்தியா திடீரென்று கடன் கொடுத்த நாடு ஆகிவிட்டது. 1944 ஜூலையில் பிரெட்டன்வுட்ஸ் மாநாட்டில் இந்தப் பாக்கிக்காக வாதாடப் போன குழுவில் நம் கோயம்புத்தூர் ஆர்.கே. சண்முகம் செட்டியாரும் இருந்தார். அங்கே காரியம் ஆகவில்லை. 1947ல் அவரே சுதந்திர இந்தியாவின் முதல் நிதி மந்திரி ஆனார். பாக்கியில் ஒரு பகுதி வெள்ளைக்காரன் விட்டுப் போன ராணுவத் தளவாடங்களுக்கும், போய்விட்ட அதிகாரிகளின் பென்ஷனுக்கும் ஈடாகக் கழிந்தது. பட்டினி கிடந்து சேமித்த பணத்தில் துரைமாருக்கு ஓய்வூதியம். இந்தச் 'சேமிப்பு' என்ற சொல்லைப் பொருளாதாரப் புத்தகங்களில் படிக்கும்போது, உண்ணாமல் விட்ட சோற்றின் கணக்கு அது என்பதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

1943 வங்காளப் பஞ்சத்தைப் பற்றி நிறைய எழுதியாகிவிட்டது. இருந்தாலும் யுத்தப் பொருளாதாரம் எப்படி வேலை செய்தது என்பதை இதைவிடத் துலக்கமாகக் காட்ட வேறு உதாரணம் இல்லை. 1942 மார்ச்சில் ரங்கூன் விழுந்தது. பர்மா அரிசி நின்றது. ஜப்பான்காரன் கையில் சிக்கக்கூடாது என்று வங்காளக் கடற்கரை மாவட்டங்களில் உபரி நெல்லை அள்ளினார்கள். பத்துப் பேருக்கு மேல் ஏறக்கூடிய படகுகளைப் பறிமுதல் பண்ணினார்கள், உடைத்தார்கள். ஆயிரக்கணக்கில் இல்லை, பல பதினாயிரக் கணக்கில். டெல்டாவில் படகு என்பது மாட்டுவண்டியும் கடைவீதியும் ஏர்க்கலப்பையும் சேர்ந்தது. மீனவனின் தொழில் போயிற்று, ஓடக்காரனின் தொழில் போயிற்று, ஆற்று நடுவே திட்டு நிலத்தில் பயிர் வைத்தவன் போய்ச் சேர வழி இல்லை.

அமர்த்தியா சென் 1981ல் வெளியிட்ட புத்தகத்தில் காட்டியது இது: 1943ல் வங்காளத்தில் கிடைத்த அரிசி முந்தைய ஐந்து வருஷங்களின் சராசரியைவிட ஐந்து சதம் போலத்தான் குறைவு, பஞ்சமே இல்லாத 1941ஐவிட அதிகம். இந்தக் கணக்கின் ஆதாரங்களோடு சண்டை போட்டவர்கள் இருக்கிறார்கள். பயிர் நோயால் விளைச்சல் இன்னும் மோசமாக இருந்தது என்பது அவர்கள் கட்சி. அது எப்படியானாலும் சென்னின் மையமான விஷயம் நிற்கிறது. செத்தவர்கள் யார்? விவசாயக் கூலி, மீனவர், படகோட்டி, சில்லறைக் கைத்தொழிலாளி. தன் உழைப்பையோ சரக்கையோ கொடுத்து அரிசி வாங்குகிற பரிவர்த்தனை விகிதம் அவர்களுக்கு நொறுங்கியது. கல்கத்தாவின் ஆலைத் தொழிலாளி சாகவில்லை. வங்காள வர்த்தக சபை 1942லேயே தன் ஆலைகளுக்காக ஒரு உணவுத் திட்டம் போட்டுவிட்டது. 'யுத்தத்திற்கு அவசியமானவர்கள்' என்று பட்டியலிடப்பட்டவர்களுக்குச் சலிசாக அரிசி கிடைத்தது. அந்த அரிசி எங்கிருந்து வந்தது? கிராமத்திலிருந்து, எந்த விலை கொடுத்தாவது. அரசாங்கமே சந்தையில் இறங்கி ஏலம் கேட்டால் கூலிக்காரன் எப்படிப் போட்டி போடுவான்? யுத்தத்திற்கு வேண்டிய வயிறு, வேண்டாத வயிறு என்று ஜனங்கள் இரண்டாகப் பிரிந்தார்கள். வேண்டாத வயிறுகள் நடந்தே கல்கத்தாவுக்கு வந்து, நடைபாதையில் கஞ்சித் தண்ணீருக்குக் குரல் கொடுத்துச் செத்தன.

விசாரணைக் கமிஷன் சாவு 15 லட்சம் என்றது. பிற்கால ஆய்வாளர் பலர் 30 லட்சம் வரை சொல்கிறார்கள். அதே கமிஷன் அறிக்கையில், அந்த ஒரு வருஷத்தில் அரிசி வியாபாரத்தில் கிடைத்த அசாதாரண இலாபம் 150 கோடி என்று ஒரு மதிப்பீடு வருகிறது. வகுத்துப் பார்த்தால் ஒரு பிணத்துக்கு ஆயிரம் ரூபாய். சித்தப்பிரசாத் மேதினிபூர் கிராமங்களில் நடந்து திரிந்து கோட்டோவியமாகப் போட்ட எலும்புக்கூடுகளின் சிறு புத்தகத்தை சர்க்கார் பறிமுதல் செய்தது. இப்டாவின் 'நபான்ன' நாடகம் 1944ல் மேடையேறியது. வங்காள இலக்கியம் இந்தப் பஞ்சத்திற்குப் பின் பழையபடி இல்லை. அரிசி விலை நம் இலக்கியத்தில் என்ன செய்தது என்று கேட்டால், யோசித்துத்தான் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.

அதற்காக இந்தப் பக்கம் எதுவும் நடக்கவில்லை என்று இல்லை. இந்தியா முழுவதையும் எடுத்துக்கொண்டால் பர்மா அரிசி ஒரு சிறு பங்குதான். ஆனால் தன் அரிசித் தேவையில் பாதிக்கு மேல் வெளியே வாங்கிய திருவிதாங்கூருக்கும், அதே மாதிரி இருந்த கொச்சிக்கும் மலபாருக்கும் அது உயிர். தென்னையும் மிளகும் போட்டுக் காசாக்கி அரிசி வாங்கித் தின்னும் ஏற்பாடு உலகச் சந்தையோடு கட்டிப்போட்டிருந்தது. கட்டு அறுந்ததும் தொங்கியது அந்தக் கரையோர மக்கள்தான். 1943-44ல் திருவிதாங்கூரில் பட்டினியாலும் அதைத் தொடர்ந்த நோய்களாலும் நடந்த சாவுகளை இந்திய ஊழியர் சங்கத்தைச் சேர்ந்த கே.ஜி. சிவசாமி ஆவணப்படுத்தியிருக்கிறார். வங்காளத்தின் நிழலில் இது வெளியே தெரியாமலே போயிற்று. மரவள்ளிக் கிழங்கு அங்கே ஏற்கெனவே இருந்ததுதான். ஏழையின் முழுச் சாப்பாடாக அது உறுதிப்பட்டது இந்த வருஷங்களில். இதே கிழங்குக்கு சேலத்தில் வேறொரு கதை. மலேயாவிலிருந்து வந்துகொண்டிருந்த ஜவ்வரிசி நின்றுபோக, 1943 வாக்கில் உள்ளூர் வியாபாரிகள் கிழங்கு மாவை உருட்டித் தாங்களே செய்யத் தொடங்கினார்கள். இன்று சேலம் ஜவ்வரிசி என்பது பெரிய தொழில். யுத்தம் ஒரு கடல்வழியை மூடினால் ஒரு இடத்தில் பட்டினி, ஒரு இடத்தில் ஆலை.

பர்மாவை இழந்ததில் தமிழர் பங்கு தனி. கீழ் பர்மாவின் முக்கியமான பதின்மூன்று நெல் மாவட்டங்களில் சாகுபடி நிலத்தில் நான்கில் ஒரு பங்கு 1930களின் இறுதியில் நாட்டுக்கோட்டைச் செட்டியார்களின் கைக்கு வந்திருந்தது. மந்தத்தில் கடன் கட்ட முடியாத பர்மிய விவசாயியிடமிருந்து வந்த நிலம் அது. அந்த மூலதனம் ஒரே வீச்சில் போயிற்று. அதே பாதையில் நடந்து வந்த லட்சக்கணக்கான இந்தியக் கூலிகளில் பல்லாயிரம் பேர் அரக்கான் மலையிலும் அஸ்ஸாம் காட்டுப் பாதையிலும் விழுந்தார்கள். செட்டிநாட்டு வீடுகளைப் பற்றி எழுதுகிற நாம் அந்தப் பாதையை எழுதவில்லை. மலேயா ரப்பர் தோட்டங்களிலிருந்து சயாம்-பர்மா ரயில் போடக் கொண்டுபோகப்பட்டுச் செத்த தமிழரைப் பற்றியும் இங்கே பேச்சு மிகக் குறைவு. மேல்நாட்டு யுத்தக் கைதிகளைப் பற்றிச் சினிமாவே உண்டு. ப. சிங்காரத்தின் 'புயலிலே ஒரு தோணி' (1972) மட்டும் அந்தக் கடலோர நகரங்களின் யுத்த காலத்தைத் தமிழில் உள்ளே போய்ப் பார்த்தது. அதற்கும் வாசகர் கிடைக்க எத்தனை வருஷம் ஆயிற்று என்பது தெரிந்த விஷயம்.

தமிழ்நாட்டுக் கிராமத்தில் யுத்தம் என்ன செய்தது? 1946ல் பி.வி. நாராயணசாமி நாயுடு சென்னை மாகாணக் கிராமக் கடன் பற்றி அரசுக்கு ஒரு அறிக்கை கொடுத்தார். அதிலிருந்து கிடைக்கும் சித்திரம்: பெரிய நிலக்காரர்களின் கடன் நன்றாகக் குறைந்தது, கீழே போகப் போகக் குறைவு சுருங்குகிறது, நிலமற்ற கூலிக்கோ கடன் ஏறியிருக்கிறது. மேலே சொன்ன ரசீது இல்லாத வரியின் ரசீது என்று இதை எடுத்துக்கொள்ளலாம். நெல் விற்றவன் நோட்டைக் கொடுத்துப் பழைய கடனை அடைத்தான். நெல் வாங்கியவன் புதுக் கடன் வாங்கினான்.

இங்கே தஞ்சாவூரைத் தனியாகப் பார்க்க வேண்டும். பண்ணையாள் முறை அடிமைத்தனம், அதில் மறுபேச்சில்லை. ஆனால் பண்ணையாளுக்குக் கூலி நெல்லாக அளக்கப்பட்டது. ஆகவே விலை ஏறியபோது வங்காளத்துக் காசுக் கூலி செத்த மாதிரி அவன் சாகவில்லை. நெல் அவன் கையில் இருக்கும்போதே அதன் மதிப்பு கூடிக்கொண்டிருந்தது என்பதும், மிராசுதாருக்கு அறுவடையும் கொள்முதல் கெடுவும் தவறக்கூடாது என்பதும் சேர்ந்து அவனுக்குப் பேரம் பேச ஒரு சிறு இடம் கொடுத்தன என்று நான் நினைக்கிறேன். 1943ல் பி. சீனிவாசராவ் அங்கே வந்தார். கம்யூனிஸ்ட் கட்சி 1942 ஜூலையில் சட்டபூர்வமாகி 'மக்கள் யுத்தம்' என்று அறிவித்திருந்தது. ஆகஸ்ட் போராட்டத்திற்கு எதிர்த் திசையில் நின்றது. அந்த நிலைப்பாட்டிற்காகக் கட்சி இன்றுவரை ஏச்சு வாங்குகிறது, வாங்க வேண்டியதுதான். ஆனால் அதே சட்டபூர்வமான இடைவெளியில்தான் கீழத்தஞ்சையின் சேரிகளில் சங்கக் கொடி ஏறியது. 1944ல் மன்னார்குடி ஒப்பந்தம் வந்தது, சவுக்கடியும் சாணிப்பாலும் கூடாது என்று மிராசுதார்கள் கையெழுத்துப் போட்டார்கள். தேசபக்தக் கணக்கில் பற்று, சாதி-வர்க்கக் கணக்கில் வரவு. இரண்டையும் ஒரே பேரேட்டில் எழுதாமல் இந்த வரலாற்றைப் பேச முடியாது.

ராணுவத்திற்கும் இது பொருந்தும். 1939ல் சுமார் இரண்டு லட்சமாக இருந்த இந்திய ராணுவம் 25 லட்சம் ஆயிற்று. போர்க்குடிகள் என்று பஞ்சாபிலும் நேபாளத்திலும் மட்டும் ஆள் பொறுக்கிய கொள்கைக்கு அத்தனை ஆள் கிடைக்குமா? கலைக்கப்பட்டிருந்த மதராஸ் காலாட்படை மறுபடி உயிர் பெற்றது. 1941ல் மகர் ரெஜிமெண்ட், பிறகு சமார் ரெஜிமெண்ட். பசிதான் பெரிய ஆள்சேர்ப்பு அதிகாரி என்பது உண்மை. ஆனால் ஊருக்குள் செருப்புப் போட முடியாதவன் பூட்ஸ் போட்டுக்கொண்டு திரும்பி வந்தான் என்பதும் உண்மை.

1942 ஜூலையில் அம்பேத்கர் வைஸ்ராய் நிர்வாக சபையில் தொழிலாளர் பொறுப்புக்கு வந்தார். முத்தரப்புத் தொழிலாளர் மாநாடு, வேலைவாய்ப்பு அலுவலகங்கள், 48 மணி நேர வாரத்திற்கான 1946 சட்டத் திருத்தம், தொழிலாளர் ஈட்டுறுதிக்கான அடார்க்கர் அறிக்கை (1944), 1943ல் மத்திய அரசு வேலைகளில் தாழ்த்தப்பட்டோருக்கு 8⅓ சத இட ஒதுக்கீடு ஆகியவை அந்த நான்கு வருஷத்தில் வந்தவை. உற்பத்தி நிற்கக்கூடாது என்ற யுத்த அரசின் அவசரத்தை ஒரு தலித் தலைவர் எப்படிப் பிடுங்கிப் பயன்படுத்தினார் என்பதற்கு இதைவிட நல்ல பாடம் கிடையாது. அதே இலாகாவின் காலத்தில்தான், விமானதளக் கட்டுமானத்திற்கு ஆட்கள் போய்விட்டதால் நிலக்கரி வெட்ட ஆள் இல்லையென்று, பெண்களைச் சுரங்கத்திற்குள் இறக்கக்கூடாது என்ற தடை 1943ல் நீக்கப்பட்டது. 1946 பிப்ரவரியில்தான் மறுபடி வந்தது. சட்டசபையில் அதற்குப் பதில் சொல்ல வேண்டியிருந்தவர் அம்பேத்கர்தான். அம்பேத்கர் பற்றி எழுதுகிற நண்பர்கள் இதை விட்டுவிடுகிறார்கள். விட வேண்டாம் என்பேன். அதிகாரத்தின் உள்ளே போவது என்றால் என்ன என்று காட்டும் இடம் அது.

கலாச்சார விஷயங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கச்சா பிலிம் பஞ்சத்தால் சினிமா 11,000 அடிக்கு மேல் போகக்கூடாது என்று உத்தரவு. அதற்கு முன் நம் படங்கள் அனுமார் வால், பாட்டுகள் கணக்கற்றவை. கத்திரி விழுந்தது. யுத்தப் பிரச்சாரப் படமும் எடுத்தாக வேண்டும் என்றதால் 'பர்மா ராணி'யும் 'மானசம்ரட்சணம்'மும் (இரண்டும் 1945) வந்தன. பிளாக் மார்க்கெட் பணம் போய் ஒளிய இடம் தேடி ஸ்டூடியோவுக்குள் நுழைந்தது. நட்சத்திரத்துக்கு ரசீது இல்லாமல் பாதிச் சம்பளம் என்ற பழக்கம் வேரூன்றியது. 1946 ஜனவரியில் 500, 1,000, 10,000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என்றார்கள், யுத்த இலாபத்தை வெளியே கொண்டுவர. பெரும்பகுதி சாமர்த்தியமாக வங்கிக்கே திரும்பி வந்துவிட்டது. 2016ல் இதைப் புதுக் கண்டுபிடிப்பு மாதிரி அறிவித்தபோது யாருக்கும் ஞாபகம் இல்லை. காகிதக் கட்டுப்பாடு பத்திரிகைகளின் பக்கத்தைக் குறைத்தது. பெட்ரோல் இல்லாமல் பஸ்கள் கரிவாயுவில் இருமிக்கொண்டு ஓடின. ஐரோப்பியச் சந்தை போனதால் 1940ல் காபி விற்பனையை அரசு கையில் எடுத்தது, 1942ல் அதற்குச் சட்டம். உள்ளூரில் குடிக்க வைக்க காபி ஹவுஸ்கள் பெருகின. நம் இலக்கியச் சண்டைகளில் பாதி நடந்த அந்த மேஜைகளுக்கும் ஹிட்லருக்கும் இப்படி ஒரு சம்பந்தம் உண்டு.

இனி ரேஷனுக்கு வருவோம். வங்காளம் எரிந்தபோதுதான், 1943ல், கிரெகரி தலைமையிலான உணவுதானியக் கொள்கைக் குழு லட்சம் பேருக்கு மேல் உள்ள நகரங்களில் ரேஷன் வேண்டும் என்றது. பம்பாய் முந்திக்கொண்டது, சென்னையும் அதே வருஷம். நகரம், ஆலை, துறைமுகம் அமைதியாக இருக்க வேண்டும் என்பதே கணக்கு. கார்டு என்பது ஒருவனுக்குச் சோறு. அரசுக்கு அவன் எங்கே இருக்கிறான், எத்தனை பேர் என்ற தகவல். ஆனால் கார்டு கைக்கு வந்ததும் இன்னொன்று நடந்தது. தலைக்கு இத்தனை அவுன்ஸ் என்று சர்க்கார் தானே எழுதிக் கொடுத்துவிட்டது. அளவு குறைந்தால் கேட்கலாம். புழுத்த அரிசி என்றால் கூட்டம் போடலாம். தர்மப்பிரபுவின் கஞ்சித்தொட்டி முன்னால் யாரும் அளவு கேட்க முடியாது. 1952 ஜூனில் ராஜாஜி சென்னையில் அரிசிக் கட்டுப்பாட்டை எடுத்தார், பாராட்டும் பெற்றார்; பின்னால் லைசென்ஸ்-பெர்மிட் ராஜ்யம் என்ற வசவைப் பிரபலப்படுத்தியவரும் அவர்தான். 1960களில் விலை ஏறியபோது ஜனங்கள் அந்த வெள்ளைக்காரன் காலத்துக் கார்டைத்தான் திரும்பக் கேட்டார்கள். 1967 தேர்தலில் படி அரிசி பேசியது. இந்திய உணவுக் கழகத்தின் முதல் மாவட்ட அலுவலகம் 1965ல் தஞ்சாவூரில் திறந்தது தற்செயல் இல்லை. வறுமைக்கோட்டுக்குக் கீழே என்று நாடு முழுவதும் பட்டியல் போட்டபோதும் எல்லோருக்கும் கார்டு என்று தமிழ்நாடு நின்றதற்குப் பின்னால் இந்த நீண்ட வரிசை இருக்கிறது. பட்டியல் என்றால் என்னவென்று 1943 காட்டியது: வேண்டிய வயிறு, வேண்டாத வயிறு.

ரேஷனைக் கொண்டுவந்த இந்தியப் பாதுகாப்புச் சட்டத்தின் (1939) விதிகளைப் புரட்டிப் பார்த்தால் எல்லாம் ஒரே புத்தகத்தில் இருக்கும். ஒரு விதியில் விலைக் கட்டுப்பாடு, ஒரு விதியில் விசாரணை இல்லாமல் சிறை. வாடகைக் கட்டுப்பாடு யுத்த உத்தரவாக வந்து 1946ல் சென்னை மாகாணச் சட்டம் ஆயிற்று. அத்தியாவசியப் பொருள் அதிகாரம் 1946ன் தற்காலிகச் சட்டம் வழியாக 1955ல் நிரந்தரமாயிற்று. தடுப்புக் காவலுக்கு 1950ல் சுதந்திர நாட்டின் நாடாளுமன்றமே சட்டம் போட்டது. அரசியல் சட்டம் அமலாகி ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. ஏ.கே. கோபாலன் அதை எதிர்த்து உச்ச நீதிமன்றம் போனபோது எதிர்த்தரப்பில் நின்றது சென்னை அரசு. ஆகஸ்ட் போராட்டத்தை நசுக்க லின்லித்கோ 1942 ஆகஸ்ட் 15ஆம் தேதி பிறப்பித்த ஆயுதப்படை சிறப்பு அதிகார அவசரச் சட்டம், 1958ல் நாகர் பகுதிகளுக்காக அதே பெயரில் திரும்பி வந்தது.

தாராளமயம் இந்த விதிப் புத்தகத்தில் எந்தப் பக்கங்களைக் கிழித்தது என்று பார்த்தால் போதும். கம்பெனிகள் பங்கு வெளியிட அரசிடம் அனுமதி வாங்க வேண்டும் என்று 1943 மே மாதம் போட்ட யுத்தக் கட்டுப்பாடு 1992ல் ரத்தாயிற்று. காபி விற்பனைக் கட்டுப்பாடு 1990களில் போயிற்று. தடுப்புக் காவல் தேசியப் பாதுகாப்புச் சட்டம் என்று 1980ல் பெயர் மாற்றிக்கொண்டு இருக்கிறது. 1942ன் ஆயுதப்படைச் சட்டத்தின் வாரிசு வடகிழக்கின் சில மாவட்டங்களிலும் காஷ்மீரிலும் இன்றும் அமலில் இருக்கிறது.